பெரட்டுக்கு எந்த பிலிம்

பாகாவ் டவுனில், லிம் கடைக் கண்ணாடிப் பெட்டியில்
இரண்டே இரண்டு கறுப்பு வெள்ளை.
நானூறு, பதினோரு வெள்ளி.
மூவாயிரத்து இருநூறு, இருபத்தெட்டு.
"கல்யாணமா?" என்றார் தவுக்கே.
"பெரட்டு" என்றேன்.
அவருக்குப் பிடிபடவில்லை. கலர் எடுத்துக்கொண்டு போ,
பிளாஷ் போட்டால் எல்லாம் வரும் என்றார்.

பிளாஷ் போட்டால் கிராணியும் வருவார்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் வேலை ஆறு மணிக்கு.
செக்ரோலில் அப்படித்தான் இருக்கிறது.
பேர் கூப்பிடுவது ஐந்து பத்துக்கு.
நடுவில் ஐம்பது நிமிடம், ஆள் ஒன்றுக்கு,
பன்னிரண்டு வருடமாய்
கணக்கில் விழாத இருட்டு.
அதைத்தான் எடுக்க வேண்டும்.
ஆபீஸ் சுவர்க் கடிகாரமும்
அதன் கீழே நிற்கிறவர்களும்
ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும்.
லேபர் ஆபீசில் முதலில் கேட்பார்கள், மணி எங்கே?
பிறகு கேட்பார்கள், ஆள் யார்?

வெளிச்சம் என்று அங்கே இருப்பது
ஒரு குண்டு பல்பு. நாற்பது வாட்,
ஈசல் மொய்த்து முப்பதாகிவிட்ட நாற்பது.

வேகமான பிலிம் என்றால் முகங்கள் நிற்கும்.
ஆனால் இருட்டு முழுக்க
ரவை கொட்டினதுபோல் ஆகிவிடும்.
அந்த ரவைக்குள் சின்ன முள்ளைப் பொறுக்கி எடுக்க முடியாது.
நானூறை மருந்தில் கூடுதலாய் ஊறப்போட்டு இழுக்கலாம்.
இழுத்தால், பல்புக்கு நேர் கீழே இருக்கும் கடிகாரம்
வெந்து வெளுத்து
மணியே இல்லாத வட்டமாகும்.
இழுக்காமல் விட்டால்
திரை ஒரு நொடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும்.
ஒரு நொடியைத் தாண்டினால் பிலிமும் களைத்துப்போகும்,
டப்பாவுக்குள் இருந்த காகிதம் சொல்கிறது:
ஒன்று கேட்டால் இரண்டாய்க் கொடு.

இரண்டு நொடி.
அந்தக் கொசுவில்
யார் அசையாமல் நிற்பது?

கையில் இருந்தது பதினெட்டு வெள்ளி.
நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பால் நிறுக்கும் தராசின் மேல், துண்டுக்குள் கேமரா.
அந்தோணிமுத்து இருமினான், பேசி வைத்தபடி,
திறக்க ஒரு இருமல், மூட ஒரு இருமல்.
மூன்றாவது அவனுடைய சொந்த இருமல்.

குளியலறைக் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக் கழுவினேன்.
கடிகாரம் பிரமாதம்.
ஐந்து பதினொன்று, எண்ணெல்லாம் ஊசி.
அதன் கீழே புகை.
இருபத்தாறு பேரும் புகை.
கொசு அடித்த கை ஒரு வளைவு,
கொட்டாவி ஒரு குழி,
யாருடைய பீடியோ இழுத்த ஒரு கோடு.
நடுவில் ஒரே ஒரு ஆள்
இமை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.
தனபாக்கியம்.
வாளியைக் கட்டிக்கொண்டு
நின்ற இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

படத்தை அவளிடம்தான் முதலில் கொண்டுபோனேன்.
மஞ்சள் பல்பில் இந்த பிலிமுக்குச் சிவப்பு வெளுத்துவிடும்.
"கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்,
என் பொட்ட எங்கடா தொலச்ச?" என்று சிரித்தாள்.
அப்புறம் படத்தைத் தூரமாய்ப் பிடித்து, கிட்டப் பிடித்து,
"தூங்கியா போயிட்டேன்?"

கொடுக்க வேண்டாம், வேறு எடுக்கிறேன் என்றேன்.
பெரட்டில் தூங்கினால் அரைப்பேர் வெட்டுவார்கள்,
எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.
புடவைத் தலைப்பால்
படத்தின் ஓரத்துக் கைரேகையைத் துடைத்தாள்.
"குடு.
அஞ்சு பதினொண்ணுக்குத் தூங்குனேன்னு வெட்டட்டும்.
அஞ்சு பதினொண்ணுக்கு நான் வேலையில நின்னேன்னு
கிராணி கையாலயே எழுதுனதா ஆயிரும்."

மிச்சம் ஏழு வெள்ளிக்குப் பெரிதாக ஒரு பிரதி.
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
லிம் தவுக்கே வெகுநேரம் பார்த்தார்.
இந்த அம்மா மட்டும் நல்லா வந்திருக்கு, என்றார்.
மத்ததெல்லாம்
பிளாஷ் இல்லாத குறை.